ஒரு நிமிடத்துக்கு முன்னம்

பெண் பார்க்க வந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுப்பார் என்று அந்த வீட்டில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

அறுபத்துமூன்றாம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த கிழமை. காங்கேசன்துறையில் கந்தப்புவின் வீட்டு விறாந்தையில் கதிரைகளை ஒழுங்காகப் போட்டு, பயத்தம்பணியாரமும் வாழைப்பழமும் தட்டில் வைத்து, மகள் ஞானாம்பிகைக்கு மயில்நீலச் சேலை உடுத்திவிட்டிருந்தாள் தாய் தங்கமுத்து. கந்தப்பு துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டுபவர். ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய்விடுவதும் திரும்பக் கொண்டுவருவதும் அவருடைய வேலை. தொப்பி வைத்த கப்பல் உத்தியோகத்தர்கள் எத்தனை பேரை அவர் கயிற்றேணி வரைக்கும் கொண்டுபோய் விட்டிருப்பார்! அந்த ஏணியில் தன் மருமகன் ஒருநாள் ஏறிப்போவதைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மாப்பிள்ளை குகதாசன் வெளிநாட்டுக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். அன்றைக்கு அவன் வரவில்லை, கப்பலோடு எங்கேயோ கடலில் நின்றான். வந்தவர்கள் அவனுடைய தாயும், தாய்மாமன் கனகசபாபதியும்.

கனகசபாபதியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். சிங்களம்தான் இனி ஆட்சிமொழி என்று சட்டம் வந்து, உத்தியோகம் நிலைக்கவேண்டுமானால் சிங்களச் சோதனை எழுது என்று சொன்னபோது, எழுதமாட்டேன் என்று எழுந்து வந்தவர். அவர் ரயிலால் இறங்கிய அன்று ஸ்ரேசனில் மாலையோடு நின்றவர்களில் கந்தப்புவும் ஒருவர். தகப்பனில்லாத குகதாசனைப் படிப்பித்து ஆளாக்கியதும் இவர்தான். அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, கப்பலில் பெரிய உத்தியோகத்தர்களின் பெண்சாதிமார் கப்டனோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்கள் என்றும், அங்கே போய் எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளை வாய்திறக்காமல் இருக்கமுடியாது என்றும் சொன்னார். பிறகு ஒரு சின்ன மேசையும் கடுதாசியும் கேட்டார். தமிழில் தான் சொல்லச் சொல்ல இங்கிலீசில் எழுதவேண்டும், அவ்வளவுதான்.

ஞானாம்பிகை எஸ்.எஸ்.சி. படித்தவள். இங்கிலீசையும் ஒரு பாடமாகப் படித்துத் தேறியவள். அவர் சொன்னவை எல்லாம் மழை, கப்பல், வீடு என்ற எளிய சொற்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதினாள். நான் இரண்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். கப்பல் மூன்று நாளைக்கு முன்னம் வந்தது. நேற்றிரவு மழை பெய்தது. நாளைக்குப் புதன்கிழமை.

கனகசபாபதி தாளை வாங்கி, சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியையும் உரத்து வாசித்தார். அவருக்கு எதையும் உரத்து வாசித்துத்தான் பழக்கம். ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று வாசித்து ஒரு வட்டம் போட்டார். ‘பிஃபோர் த்ரீ டேஸ்’ என்று வாசித்து இன்னொரு வட்டம். ‘யெஸ்டர்டே நைட்’ என்றபோது கண்ணாடிக்கு மேலால் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். ‘டுமாரோ’வில் ஒரு எம் வரவேண்டிய இடத்தில் இரண்டு, இரண்டு ஆர் வரவேண்டிய இடத்தில் ஒன்று. புதன்கிழமையில் ஒரு டி காணாமல் போயிருந்தது.

"பிள்ளை நல்ல வடிவுதான். ஆனா அவவுக்கு நேற்றும் தெரியாது, நாளையும் தெரியாது," என்றார்.

மாப்பிள்ளையின் தாய் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கமுத்து தட்டோடு அப்படியே நின்றாள். கந்தப்பு சிரித்தார்.

கனகசபாபதியின் பகிடி ஞானாம்பிகைக்குப் பெரிதாகப் படவில்லை. வந்த மனிதர், சொல்லிவிட்டுப் போவார். ஆனால் தகப்பன், அவளுடைய ஐயா, சிரித்தது உள்ளே போய் இறங்கியது. வேடிக்கையாக இருந்து சிரித்த சிரிப்பல்ல அது. சிரிக்காவிட்டால் வந்தவர் என்ன நினைப்பாரோ என்று சிரித்த சிரிப்பு.

அவள் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதுகளின்ரை சரி என்னெண்டு எழுதி விடுங்கோ," என்று கேட்டாள். அழுவாள், உள்ளே ஓடுவாள் என்று எதிர்பார்த்த கனகசபாபதிக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அதை அவளே தேடிப் படிக்கவேண்டும் என்றார். சித்திரையில் குகதாசன் லீவில் வருவான், வருடப்பிறப்பு முடிய அவனையும் கூட்டிக்கொண்டு வந்து இன்னொருமுறை பார்ப்போம் என்று சொல்லி எழுந்தார்.

அவர்கள் போனபிறகு கந்தப்பு மகளுக்குக் கிட்ட வந்து நின்றார். "மூண்டு மாசம் கிடக்குத்தானே பிள்ளை. படிச்சால் வராதே?"

"படிக்கிறன் ஐயா. பிழையெண்டால் பிழைதான், அதைப் படிக்கத்தான் வேணும். ஆனா அந்த மனுசனுக்காக நான் படிக்கேல்லை."

‘படிக்கிறன்’ என்ற சொல்லோடு கந்தப்புவின் காது நிறைந்துவிட்டது. மிச்சத்தை அவர் கேட்கவில்லை.

ஞானாம்பிகைக்குப் பள்ளிக்கூட நாள் முதல் ஒரே சிநேகிதி பியாட்றிஸ். தெல்லிப்பழைப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், வீட்டில் தகப்பனோடு இங்கிலீசிலேயே கதைத்து வளர்ந்தவள். தபாற்கந்தோரில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயிலில் பூசை முடிந்ததும் அவள் சைக்கிளில் வருவாள், இருவருமாகக் கீரிமலைக்குக் குளிக்கப் போவார்கள். பெண்கள் கேணியின் படியில் இருந்துகொண்டு, தாளை விரித்து, நடந்ததை எல்லாம் ஞானாம்பிகை சொன்னாள்.

"இதுகளின்ரை சட்டத்தைச் சொல்லித் தாவன்," என்று கேட்டாள்.

"எனக்குச் சட்டம் ஒண்டும் தெரியாதெடி. பிழையாச் சொன்னால் காதுக்கை குத்தும், அவ்வளவுதான்."

அதனால் அவர்கள் ஒரு வழி செய்துகொண்டார்கள். ஞானாம்பிகை வாய்க்கு வந்ததை எல்லாம் இங்கிலீசில் சொல்வாள். பியாட்றிஸ் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு, குத்துது, குத்தேல்லை என்று மட்டும் சொல்வாள். சின்ஸ் டூ இயர்ஸ், குத்துது. சின்ஸ் மண்டே, குத்தேல்லை. ஃபோர் டூ இயர்ஸ், குத்தேல்லை. ஃபோர் மண்டே, குத்துது. பக்கத்தில் தோய்ந்துகொண்டிருந்த பெண்கள் இவர்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே முடிவெடுத்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றபோது, ஞானாம்பிகைக்குச் சட்டென்று பிடிபட்டது. சின்ஸ் என்பது நங்கூரம் விழுந்த இடம். திங்கட்கிழமை, தை மாதம், ஆச்சி செத்த அன்று என்று ஒரு இடத்தைக் காட்டவேண்டும். ஃபோர் என்பது அங்கேயிருந்து விட்ட கயிற்றின் நீளம். இரண்டு வருடம், மூன்று நாள், ஒரு மணித்தியாலம். நங்கூரத்தைக் கேட்கிற இடத்தில் அவள் கயிற்றைக் கொடுத்திருக்கிறாள். இதைச் சொன்னபோது பியாட்றிஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இத்தனை காலமும் கதைத்த பாஷையில் இப்படி ஒரு விஷயம் இருப்பது தனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றாள்.

‘முன்னம்’ அவ்வளவு லேசில் பணியவில்லை. தமிழில் கப்பல் மூன்று நாளைக்கு முன்னம் வந்தது என்றாலும் முன்னம்தான், மழைக்கு முன்னம் வந்தது என்றாலும் முன்னம்தான். இங்கிலீசில் இன்றைக்கு நின்று பின்னால் எண்ணிப்போனால் ‘எகோ’, வேறொன்றுக்கு முந்தி என்றால் ‘பிஃபோர்’. ஒரு சொல்லை இரண்டாகக் கிழித்து இரண்டு பக்கத்திலும் வைக்கவேண்டியிருந்தது. வெள்ளி மட்டும், அதாவது வெள்ளி வரைக்கும், என்றால் அன்ட்டில், வெள்ளிக்குள் என்றால் பை. இது அவளுக்கு உடனே வந்தது. ஆனால் நேற்றிரவோடு அவள் உண்மையாகவே சண்டை பிடித்தாள்.

"நேற்றுக் காலமைக்கு யெஸ்டர்டே வரும். நேற்றுப் பின்னேரத்துக்கும் வரும். இரவெண்டால் மட்டும் வராதாம், லாஸ்ட் நைட்டாம். இது என்ன ஞாயம்?"

"அது அவங்கடை பாசை. உன்னட்டை ஞாயம் கேட்டே செய்தவங்கள்?"

ஞானாம்பிகை சிரித்துவிட்டாள். சரி, அவங்கள் வீட்டுக்குள் போனால் அவங்கள் வைத்த இடத்தில்தான் கதிரை இருக்கும். அதைத் தெரிந்துகொள்வதில் குறைவொன்றுமில்லை. தெரியாததில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. அந்த இரண்டும் ஒன்றல்ல என்பது கேணிப்படியில்தான் அவளுக்கு விளங்கியது.

எழுத்துக்கூட்டலை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிப் பழகினாள். ஒரு எம், இரண்டு ஆர். சொல்லும்போது வாயில் வராத டி எழுதும்போது வரவேண்டும். தங்கமுத்து உலையைக் கிளறிக்கொண்டே, அது என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். நாளைக்கு என்று எழுதியிருப்பதாக மகள் சொன்னாள். நாளைக்கு என்பதற்கு இவ்வளவு நீட்டு எழுத்தோ என்று அதிசயப்பட்ட தாய், அதை அழிக்காமல் அதன் இரண்டு பக்கத்தாலும் சுவரை மெழுகினாள்.

மாசி முடிந்து பங்குனி வந்தபோது பியாட்றிஸ் ஒருநாள் கேட்டாள், எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டால் அவனைக் கட்டுவாயோ என்று. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த படத்தில் பார்த்தவரைக்கும் குகதாசனின் முகம் ஞானாம்பிகைக்குப் பிடித்திருந்தது. சிரிக்காமல் நின்றாலும் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு வாய். அவன் வந்தால் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்பேன் என்றாள், அதற்கு அவன் சொல்வதைப் பொறுத்து இருக்கிறது.

வருடப்பிறப்புக்கு மூன்றாம் நாள் வந்தார்கள். குகதாசன் படத்தில் இருந்ததைவிட உயரம். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். கந்தப்பு அவனைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் நின்றுகொண்டிருந்தார். சின்ன மேசையும் கடுதாசியும் இந்தமுறை கேட்காமலே வந்திருந்தன. சிவப்புப் பென்சிலும் வந்திருந்தது.

ஞானாம்பிகை மேசைக்குப் போகாமல் குகதாசனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்கும் இந்தச் சோதினை வேணுமோ?" என்று கேட்டாள்.

குகதாசன் அவளைப் பார்த்தான், பிறகு மாமனைப் பார்த்தான். காது சிவந்திருந்தது. "மாமா சொன்னால் அதிலை ஏதும் காரணம் இருக்கும்," என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் மேசையில் இருந்தாள்.

கனகசபாபதி இந்தமுறை கடினமான வசனங்களாகத் தேடிக்கொண்டு வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்துவிடு. வெள்ளிக்கிழமை மட்டும் வேலை செய். பத்து வருடமாக அவரைத் தெரியும், ஆனால் போன மாதத்திலிருந்து காணவில்லை. அவர் வந்து சேர முன்னமே கப்பல் போய்விட்டது. அவள் ஒன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் முடிந்தது என்று சொன்ன பிறகும் அவளுடைய பேனை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் எழுதிவிட்டுத்தான் தாளைக் கொடுத்தாள்.

அவர் உரத்து வாசித்தார். பென்சில் வரிக்கு வரி மேலே நின்று நின்று போனது, எங்கேயும் இறங்கவில்லை. பாதித்தாளுக்கு மேல் அவருடைய குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். சரியான இங்கிலீசைக் கண்டால் அவருக்கு உள்ளபடியே ஆனந்தம். அந்த ஆனந்தத்தோடேயே, தான் சொல்லாத கடைசி வரிகளுக்கும் வந்து, அவற்றையும் அதே குரலில் வாசித்தார்.

"ஐ ஸ்டடீட் ஃபோர் த்ரீ மந்த்ஸ். ஐ வெயிட்டட் அன்ட்டில் டுடே. ஐ டிசைடட் எ மினிட் எகோ. ஐ டோன்ட் வோன்ட் திஸ் மேரேஜ்."

வாசித்து முடித்த பிறகுதான் வாசித்தது அவருக்கு விளங்கியது.

மாப்பிள்ளையின் தாய் என்ன என்ன என்று கேட்டாள். கடைசியில் குகதாசனே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மூண்டு மாசம் படிச்சவவாம். இண்டை மட்டும் பாத்துக்கொண்டு இருந்தவவாம். ஒரு நிமிசத்துக்கு முன்னந்தான் முடிவெடுத்தவவாம். இந்தக் கலியாணம் வேண்டாமாம்."

கந்தப்பு, பிள்ளை விளையாட்டுக்கு எழுதியிருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தார். கனகசபாபதி கையை உயர்த்தி அவரை நிற்பாட்டினார். விருப்பமில்லாதவள் எதற்காக இருந்து எழுதினாய் என்று அவளைக் கேட்டார்.

"தெரியாதபடியால் விட்டவள் எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் எழுதினனான்," என்றாள் ஞானாம்பிகை. "முதல் எழுதினதிலை பிழை இருந்தது. நீங்கள் வட்டம் போட்டது சரி. அதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா நீங்கள் ஒருக்கா ஒரு சோதினை எழுதமாட்டன் எண்டு எழும்பி வந்தனீங்கள். ஐயா உங்களுக்கு மாலை போட்டவர். ஒரு பாசை தெரியேல்லை எண்டதுக்காக என்னைக் குறைச்சுப் பாக்கப்படாது எண்டுதானே நீங்கள் வந்தது? அதைத்தான் நானும் சொல்லுறன்."

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய் எழுந்து, இப்படி வாய் காட்டுகிற பெட்டையைக் கேட்டு இனி எவன் இந்தப் படலையைத் திறப்பான் என்று கேட்டாள்.

அதுவரைக்கும் கதவோரம் நின்ற தங்கமுத்து முன்னுக்கு வந்தாள். "திறக்காட்டில் பூட்டியே கிடக்கட்டும்," என்றாள். அவள் அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குடிக்காமல் விட்ட தேத்தண்ணீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

அன்றிலிருந்து கந்தப்பு மகளோடு கதைக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் தங்கமுத்துவைக் கூப்பிடுவார். மகள் போட்டுவைத்தால் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். துறைமுகத்தில் பகிடிக்குக் குறைவில்லை. கப்பல்காரனைக் கரையிலேயே இறக்கிவிட்டாளாம் உன் மகள் என்று ஆட்கள் கேட்டார்கள். கரையெல்லாம் கதை பரவியது. சில வீடுகளில் அவளைத் திமிர்பிடித்தவள் என்றார்கள். ஞானாம்பிகை கடைக்குப் போகிற வழியை மாற்றவில்லை. எந்த வாசலில் கதை நின்றதோ அந்த வாசலால் மெதுவாகவே நடந்து போனாள். மீனவர் சங்கத்தில் கொழும்புக்கு இங்கிலீசில் எழுத ஆள் வேண்டும் என்று அறிந்து, தானாகவே போய்க் கேட்டு, அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஐயா போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

குகதாசனின் லீவு முடிய ஒரு கிழமை இருக்கும்போது, கீரிமலை வீதியில் அவன் தனியாக வந்தான். பியாட்றிஸ் அன்றைக்கு வரவில்லை. ஞானாம்பிகை குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்துகொண்டிருந்தாள். அவன் சைக்கிளால் இறங்கி, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் சின்னனிலையிருந்து மாமாவின்ரை சோத்திலை வளந்தனான். அவரை மீறி ஒண்டும் கதைச்சுப் பழக்கமில்லை," என்றான். "ஆனா எனக்கு அந்தச் சோதினை வேண்டாம். அண்டைக்கும் வேண்டாம்தான். நீங்கள் இன்னொருக்கா யோசிச்சுப் பாக்கலாமோ?"

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. படத்தில் கண்ட அந்த வாய் இப்போது கிட்டத்தில், கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஓம் என்று சொல்ல ஒரு மூச்சுத்தான் வேண்டும். ஐயா கதைப்பார், கரை கதைக்காமல் விடும்.

"உங்களிலை எனக்குக் கோவமில்லை," என்றாள். "ஆனா நான் கேட்டது அண்டைக்கு. எல்லாருக்கும் முன்னாலை கேட்டனான். இண்டைக்கு ஒருத்தரும் இல்லாத ரோட்டிலை சொல்லுறது, அண்டைக்குச் சொன்னதாகாது."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். அவன் வளைவில் மறையும் மட்டும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரத்தலையை உதறி முடிந்துகொண்டு நடந்தாள்.

வீட்டில் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கந்தப்பு அப்போதுதான் வேலையால் வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார்.

"பொடியன் தானாய் வந்து கேட்டவனோ?"

வருடப்பிறப்புக்குப் பிறகு அவர் அவளோடு கதைத்த முதற்பேச்சு அதுதான்.

"ஓம் ஐயா."

"மாட்டன் எண்டனியோ?"

"ஓம்."

கந்தப்பு மற்றக் காலுக்கும் தண்ணீர் வார்த்தார். செம்பைக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிய நேரமெடுத்தது.

"சரி," என்றார். "நீ சோத்தைப் போடு."